ஞானோபதேச மணியில் வெளியே இருந்தவள்

“வெளியில உக்காந்து பூ கட்னவளுக்கு, துரை கேக்கற கேள்வி இன்னாடி புரியப் போவுது?”

செர்த்திபிக்கா என்கிற பிரெஞ்சு சர்க்கார் பரீட்சைக்குப் போகப்போகிறேன் என்று நான் சொன்ன அன்று, என் வகுப்பில் படித்த ஒருத்தி இப்படிக் கேட்டாள். கையில் கொய்யாக்காய் வைத்திருந்தாள். கேட்டுவிட்டு அதை ஒரு கடி கடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். அவளுக்குச் சொல்லும் பதில் பிரெஞ்சில் இருந்தால்தான் அது பதில் என்று எனக்குத் தோன்றியது. பிரெஞ்சில் எனக்கு ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை. அந்தக் கேள்வி அப்படிச் சுட்டதற்குக் காரணம் அதுதான்.

அவள் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாகூர் ஏரிப் பாசனத்தில் என் அப்பாவுக்குக் கொஞ்சம் நஞ்சை உண்டு. அந்த நிலத்தில் ஏர் ஓட்டியவர் அவளுடைய அப்பா. நாற்று நட்டவர் அவளுடைய அம்மா. அவர்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். நாங்கள் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொள்கிற குடும்பம். பள்ளிக்கூடத்தில் அவள் என்னை ‘டி’ போட்டுத்தான் பேசுவாள். எங்கள் கழனி வரப்பில் எதிர்ப்பட்டால் முதலில் அக்கம்பக்கம் பார்ப்பாள். ஆள் இருந்தால் ‘டி’யை விழுங்கிக்கொள்வாள். ஆள் இல்லையென்றால் பள்ளிக்கூடத்தில் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.

எனக்கு அவள்மேல் பொறாமை. காலையில் நான் கண் விழிக்கும்போதே கூட எழுந்து உட்காருகிற பொறாமை. அவள் உடுத்தியதைவிட நல்ல பாவாடைகள் என்னிடம் இருந்தன. அவள் சாப்பிட்டதைவிட நல்ல சாப்பாடு எங்கள் வீட்டில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் முதல் மணியில் அவள் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் என்னிடம் இல்லை. அந்த இடம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிடம் கொடுத்தது கொம்யூன், அதாவது ஊராட்சி. வாத்தியாரம்மாவுக்குச் சம்பளம் கொடுத்தது சர்க்கார். நடத்தியவர்கள் கன்னியாஸ்திரீகள். காலை முதல் மணி ஞானோபதேசம், அதாவது வேதபாடம். மந்திரம், பாட்டு, கேள்வி பதில், முழங்கால் போடுதல் எல்லாம் அந்த மணியில் முடிந்துவிடும். பிறகுதான் தமிழும் கணக்கும் பிரெஞ்சுப் பாடமும். வேறு மதத்துப் பெண்களும் அங்கே படிக்கலாம். பெண்ணுக்கு ஞானோபதேசம் வேண்டாம் என்று நினைக்கும் தகப்பன் மேரிக்குப் போய், அதாவது மேர் என்கிற ஊர்த்தலைவர் உட்காரும் கொம்யூன் கச்சேரியில் நின்று, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் போதும். அந்தப் பெண்ணை அந்த மணியில் வெளியே விட்டுவிட வேண்டும். சட்டம் அப்படி. எந்தத் தகப்பனும் சொல்லலாம் என்றுதான் அதில் இருந்ததாம்.

அந்தச் சட்டத்தை நான் திட்டப் போவதில்லை. அது இல்லையென்றால் நான் அந்தப் பள்ளிக்கூடத்துப் படியையே மிதித்திருக்க மாட்டேன். எங்கள் வம்சத்தில் அதுவரை ஆணும் சரி, பெண்ணும் சரி, எழுத்து தெரிந்தவர்கள் கிடையாது. என்னை அனுப்பலாமென்று அப்பா சொன்னதும் எங்கள் பங்காளிகள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

“பொண்ண அனுப்பறது பெருசு இல்லப்பா. திரும்பி வரும்போது கழுத்துல சிலுவை போட்டுனு வந்தா இன்னா பண்ணுவ?”

“போட்டுனு வராது,” என்றார் அப்பா. “நான் மேரில போய் சொல்லிட்டு வரேன். அந்த மணிக்கு எம் பொண்ண வெளிய வுட்டுருவாங்க.”

“வெளிய வுட்டா?”

“வெளிய வுட்டா வெளியதான் இருக்கும். உள்ள இருக்காது.”

மறுநாளே அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு மேரிக்குப் போனார். திரும்பி வந்து, ஒரு வழக்கில் ஜெயித்தவர் மாதிரி மோர் கேட்டு வாங்கிக் குடித்தார். அப்படித்தான் நான் பள்ளிக்கூடத்துக்குள் போனேன். அப்படித்தான் தினமும் முதல் மணிக்கு வெளியேயும் வந்தேன்.

வெளியே வந்தவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் யோசித்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட தலைமை அம்மா காரைக்கால் பக்கத்துத் தமிழ்க் கன்னியாஸ்திரீ. சும்மா இருக்கும் கையைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. பூவரச மரத்தடியில் எங்களை உட்கார வைத்து, தோட்டத்துப் பூக்களைக் கூடையோடு கொண்டுவந்து வைத்தார். நந்தியாவட்டை, கனகாம்பரம், சாமந்தி. கூடவே நனைத்த வாழைநார். மாதா சுரூபத்துக்கு மாலை கட்ட வேண்டும். மாதாவிடமிருந்து எங்களைக் காப்பாற்ற எங்கள் அப்பாக்கள் வேட்டி கட்டிக்கொண்டு மேரிக்குப் போனார்கள். நாங்கள் தினமும் மாதாவுக்கு மாலை கட்டினோம். உள்ளே மந்திரம் படித்த பெண்கள் மாதாவுக்கு ஒரு பூக்கூடக் கிள்ளிப் போட்டதில்லை. இதை நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் பள்ளிக்கூடமே நின்றுவிடும்.

பூ கட்டுவதில் எனக்குக் குறையில்லை. என் கை சுத்தம், என் கட்டு இறுக்கம். என் குறையெல்லாம் எனக்கு மேலே இருந்த வகுப்பு ஜன்னலில்தான்.

எங்கள் வாத்தியாரம்மா பிரெஞ்சைப் புத்தகத்திலிருந்து சொல்லிக்கொடுத்தார். அதைத் தமிழ் மாதிரியே வாசித்தார். அவர் மேல் தப்பில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் தமிழர்தான். எங்கள் ஊரில் பிரெஞ்சைப் பிரெஞ்சாகப் பேசிய ஒரே வாய் வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரீ ஒருவருடையது. அவருக்குத் தமிழ் அரைகுறை. அவர் பாடம் நடத்த வருவதில்லை. ஞானோபதேசத்துக்கும் பாட்டுக்கும் மட்டும் வருவார். வந்தால் அந்த மணி முழுவதும் பிரெஞ்சுதான். நில், உட்கார், உன் கை ஏன் அழுக்கு, உன் தம்பிக்குக் காய்ச்சல் போயிற்றா, எல்லாம் பிரெஞ்சு. பரீட்சையிலோ வாய்ப்பரீட்சை என்று ஒன்று உண்டு. துரை பிரெஞ்சில் கேட்பார், பிரெஞ்சில் பதில் சொல்ல வேண்டும். அதில் வாய் திறக்காதவளுக்குச் செர்த்திபிக்கா கிடையாது. செர்த்திபிக்கா இல்லாதவளுக்கு மேலே எதுவும் கிடையாது. வீட்டில் உட்கார்ந்து நெல் புடைக்கலாம்.

ஆக, பரீட்சைக்கு வேண்டிய பிரெஞ்சு ஞானோபதேச மணிக்குள் இருந்தது. நான் வெளியே இருந்தேன்.

அந்த ஜன்னலின் ஒரு கதவு சரியாக மூடாது. அதன் வழியே நான் பார்த்தவற்றுள் ஒன்று இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. பிரெஞ்சில் ஓர் ஓசை உண்டு. உதட்டை விசிலடிப்பது போலக் குவித்தால்தான் அது வரும். வெள்ளைக்கார அம்மா அந்த ஏர்க்காரர் மகளுக்கு எதிரில் குனிந்து, இரண்டு விரலால் அவளுடைய உதட்டைப் பிடித்துக் குவித்துவிட்டார். அவள் சொன்னாள். சரியாக வந்தது. அம்மா சிரித்து, அவள் கன்னத்தில் தட்டி, தங்க ஓரம் போட்ட ஒரு சின்னப் படத்தைக் கொடுத்தார். சம்மனசு படம், இறக்கை வைத்த தேவதூதன். அவள் அதைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, தங்க ஓரம் மட்டும் வெளியே தெரியும்படி நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிந்தாள். என் தட்டில் சாதம் அப்படியே இருந்தது அன்று ராத்திரி. எங்கள் கழனியில் சேற்றுக்காலோடு நிற்பவளுடைய உதட்டைச் சரிசெய்ய ஓர் ஆள் இருக்கிறது. என் உதடு யாருக்கும் கவலையில்லை.

இருந்தாலும் நான் சும்மா இருக்கவில்லை. பூ கட்டிக்கொண்டே காதைத் தீட்டினேன். உள்ளே அம்மா கேட்பதும், எல்லோரும் சேர்ந்து பதில் சொல்வதும் கேட்கும். அம்மாவின் குரல் மெல்லியது, பாதிதான் வெளியே வரும். பெண்கள் கூட்டமாகக் கத்தும் பதில் நன்றாக வரும். அந்தப் பதில்களை அப்படியே மனப்பாடம் செய்தேன். படிப்படியாக எனக்குப் பிரெஞ்சு வருகிறது என்று நம்பினேன்.

மாதா திருநாள் ஆடி மாதக் கடைசியில் வரும். அந்த வருஷம் பெரிய மாலை கட்டும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். எங்கள் வீட்டில் ஆடியில் மாலை கட்டினால் அது மாரியம்மனுக்கு. நாலு பூவுக்கு ஒரு வேப்பிலைக் கொத்து வைத்துக் கட்டுவோம். மரத்தடியிலிருந்து எட்டும் தூரத்தில் வேப்பமரமும் இருந்தது. என் கை யோசிக்கவில்லை. கொத்துக் கொத்தாக வேப்பிலை வைத்துக் கட்டி முடித்து, மாலையைத் தூக்கிக் காட்டியபோதுதான் பக்கத்திலிருந்தவள் வாயைப் பொத்தினாள்.

“அடிப்பாவி, மாதாவுக்கு வேப்பல வச்சிட்டியே!”

அவிழ்க்க நேரமில்லை. மாலை உள்ளே போய்விட்டது. சற்று நேரத்தில் தலைமை அம்மா ஜன்னலிலிருந்து என்னைக் கூப்பிட்டார். முதல் தடவையாக அந்த மணியில் நான் உள்ளே போனேன்.

வெள்ளைக்கார அம்மா மாலையைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. அந்தப் பச்சை அவருக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. என்னைப் பார்த்து, மாலையைச் சற்று உயர்த்தி, இதைச் செய்தது யார் என்று பிரெஞ்சில் கேட்டார். யார், செய்தது என்ற இரண்டு வார்த்தையும் எனக்குத் தெரிந்தவை. தினமும் ஜன்னல் வழியே கேட்டவை. உன்னை உண்டாக்கியது யார், உலகத்தை உண்டாக்கியது யார் என்று வருமே, அவை; பிரெஞ்சில் செய்வதற்கும் உண்டாக்குவதற்கும் ஒரே சொல்தான். பதில் என் நாக்கில் தயாராக இருந்தது. நெஞ்சை நிமிர்த்தி, நல்ல சத்தமாகச் சொன்னேன்.

“லெ பொன் தியே!”

கடவுள்தான் செய்தார் என்று அர்த்தம்.

வகுப்பே சிரிப்பில் வெடித்தது. வெள்ளைக்கார அம்மாவும் சிரித்தார், தலைமை அம்மாவும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தார். எல்லோரையும்விடப் பெரிய சத்தம் அவளுடையது. பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அம்மா எனக்கும் ஒரு படம் கொடுத்தார். தங்க ஓரம் இல்லாத படம்.

பள்ளி விட்டுப் போகும்போது அவள் பின்னாலேயே வந்தாள்.

“ஏன்டி, உங்க வூட்டுக் களத்துல இருக்குதே வைக்கப்போரு, அது யாரு போட்டது?”

நான் நடையை எட்டிப் போட்டேன்.

“லெ பொன் தியே! எங்கப்பா இல்ல, லெ பொன் தியே!” என்று அவளே பதில் சொல்லிக்கொண்டு, ஏரிக்கரை முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அன்று எனக்கு ஒன்று புரிந்தது. ஜன்னல் எனக்குப் பதில்களைத்தான் கொடுத்திருந்தது. கேள்வி உள்ளேயே நின்றுவிட்டது. துரை என்னிடம் கேள்வியைத்தான் கொடுக்கப்போகிறார். வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் நேராகச் சொன்னேன்.

“நைனா, மேரிக்குப் போயி, எம் பொண்ண உள்ளயே வச்சிக்குங்கன்னு சொல்லிட்டு வா.”

அப்பா மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். கையை எடுக்கவில்லை.

“மந்திரம் படிக்கப் போறியா?”

“மந்திரம் எனக்கு எதுக்கு? அந்த மணிலதான் வெள்ளைக்கார அம்மா பேசறாங்க. அது காதுல வுழலன்னா நான் பாஸ் பண்ண மாட்டேன்.”

“அதெல்லாம் சரி பாப்பா. நான் போயி வேணாம்னு சொன்னது ஊருக்கே தெரியும். இப்ப போயி வேணும்னு சொன்னா இன்னா அர்த்தம்? நாளைக்கே பங்காளிங்க பந்தியில எல போட மாட்டானுங்க. உனக்குன்னு எவன் வருவான் பொண்ணு கேட்டு?”

“வரலன்னா போறான்!” என்றேன்.

உள்ளிருந்து அம்மா, “வாய மூடு,” என்றாள்.

ஒரு தடவை சொல்லிப் பெண்ணை வெளியே விட வைத்த தகப்பன் திரும்பவும் போய் உள்ளே விடச் சொல்வதைச் சட்டம் தடுக்கவில்லை. ஊர் தடுத்தது. அப்பாவுக்கும் என்மேல் ஆசை இருந்தது. அதனால் அவருக்குத் தெரிந்த ஒரு வழியைப் பார்த்தார். மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு மேரிக்குப் போய், அங்கிருந்த குமாஸ்தாவிடம் கேட்டார்.

“ஐயா, வெளிய வுட்ட பசங்கள இன்னா பண்ணணும்னு சட்டத்துல இருக்குது?”

குமாஸ்தா மூக்குப்பொடி போட்டுக்கொண்டிருந்தார். தும்மி முடிக்கும் வரை நாங்கள் நின்றோம்.

“வெளிய வுடணும்னு இருக்குது பெரியவரே.”

“வுட்டப்புறம்?”

“வுட்டப்புறம் இன்னா, திரும்ப உள்ள கூப்புடணும். மணி முடிஞ்சதும்.”

“நடுவுல?”

“நடுவுல ஒண்ணும் இல்ல. சட்டம் கதவு வரைக்கும்தான் வரும். மரத்தடிக்கெல்லாம் வராது.”

இதைக் கேட்டதும் அப்பாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்து தலைமை அம்மாவைப் பார்த்தார். பூ கட்ட வைக்க வேண்டாம், அந்த நேரத்தில் என் பெண்ணுக்குப் புத்தகம் கொடுங்கள் என்றார். தலைமை அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. “புஸ்தகம் குடுக்கலாம். சொல்லிக்குடுக்க ஆள் யாரு? எல்லாரும் உள்ளதான இருக்காங்க?” என்றார். புத்தகம் கிடைத்தது. நான் சத்தம் போட்டு வாசித்தேன். உள்ளே மந்திரத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று என்னைக் கிணற்றடிக்கு மாற்றினார்கள். ஜன்னலும் போயிற்று. முன்பு பாதி கேட்டது. இப்போது ராட்டினச் சத்தம்தான் கேட்டது. அப்பாவோ ஊரெல்லாம், “எம் பொண்ணு இப்ப பூ கட்டறதில்ல, படிக்குது,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பரீட்சைக்குப் போவதாக நான் அவளிடம் சொன்னதும், அவள் கொய்யாக்காயைக் கடித்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டதும் இந்தக் கிணற்றடி நாட்களில்தான். பரீட்சைக்கு அவளும் போவதாக இருந்தாள். ரொம்ப யோசித்துப் பார்த்தேன். ஊரில் வெள்ளைக்கார அம்மாவைத் தவிர அந்தப் பிரெஞ்சு இருந்த இடம் ஒன்றே ஒன்று, அவளுடைய வாய். எனக்கு வேண்டியது, நான் யாரைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேனோ அவளிடமே இருந்தது.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அவள் ஏரிக்கரையில் ஆடு மேய்ப்பாள். அப்பாவுக்குக் கழனிக்குச் சோறு கொண்டுபோகும் சாக்கில் போனேன். சுற்றிலும் ஆள் இல்லை.

“உனக்குக் கணக்கு வரல,” என்றேன். கேட்கப் போன இடத்திலும் எனக்கு அப்படித்தான் வாய் வந்தது.

“ஆமாம். அதுக்கு இன்னா இப்ப?”

“நான் சொல்லித் தரேன். நீ எனக்குப் பிரெஞ்சுல கேள்வி கேளு.”

அவள் குச்சியால் தரையைக் கீறிக்கொண்டே ரொம்ப நேரம் யோசிக்கிற மாதிரி நடித்தாள்.

“எங்க தெருவுக்கு வருவியா?”

“மாட்டேன்னு உனக்கே தெரியும்.”

“தெரியும். உங்கம்மா வௌக்குமாறு எடுத்துனு வரும். சும்மா கேட்டுப் பாத்தேன்.” பிறகு, “சரி, உக்காரு. இந்தா, இந்தக் கல்லுல இல்ல, அது என்னுது. கீழ உக்காரு,” என்றாள்.

நான் கீழே உட்கார்ந்தேன். கரையின் மண் என் பாவாடையில் ஒட்டியது. அவள் கல்லின்மேல் வெள்ளைக்கார அம்மா மாதிரியே முதுகை நேராக வைத்துக்கொண்டு கேட்டாள். உன் அப்பா என்ன வேலை செய்கிறார்? உங்கள் ஊரில் என்ன விளையும்? நேற்று எங்கே போனாய்? நான் தப்பாகச் சொன்னால் ஆட்டுப்புழுக்கை ஒன்று பறந்து வந்து என்மேல் விழும். முதல் நாட்களில் என் மடி நிறைய ஆட்டுப்புழுக்கை. அவளுக்குக் கணக்குத் தப்பினால் நானும் அதையே பொறுக்கித் திருப்பி எறிந்தேன். அதில் நான் கை தேர்ந்தவள்.

ஒருநாள் நான் கேட்டே விட்டேன். “உனக்கு இன்னா, தெனமும் நெழல்ல உக்காந்து பாட்டுப் பாடற. படம் வேற.”

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். பாவாடையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினாள். முட்டியில் தோல் காய்த்துக் கறுத்திருந்தது.

“இது உனக்கு இருக்குதா? நீ காத்துல உக்காந்து காலை நீட்டிப் பூ கட்டனவ. ஒன்னப் பாத்து நான் உள்ள எத்தினி நாள் வயிறு எரிஞ்சேன் தெரியுமா? எங்கப்பாவும் போயி மேரில ஒரு வார்த்த சொல்லட்டுமே பாப்போம். அன்னிக்கே பங்குச் சாமியாரு எங்க தெருவுல வந்து நிப்பாரு. இனிமே உங்களுக்குக் கல்யாணம் எந்தக் கோயில்ல, கல்லறை எந்த எடத்துலன்னு கேப்பாரு.”

“சட்டம் எல்லாருக்கும்னுதான் சொன்னாங்க?”

“உங்கப்பா போனாரு, சொன்னாரு, வந்து மோரு குடிச்சாரு. எங்கப்பா போனா மோரு குடுக்க ஆள் இருக்காது. போ, அடுத்த கேள்வி.”

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இதை நினைத்தேன். அவளுடைய அப்பா வெளியே விடச் சொல்ல முடியாதவர், என்னுடைய அப்பா திரும்ப உள்ளே விடச் சொல்ல முடியாதவர். ஆனால் இதனால் என் பொறாமை குறைந்தது என்று சொன்னால் அது பொய். முட்டி காய்த்தாலும் அவளுக்குப் பிரெஞ்சு வந்துவிட்டது. என் முட்டி வழவழவென்று இருந்து எனக்கு என்ன ஆயிற்று?

பரீட்சை புதுச்சேரியில். எங்கள் வில்வண்டியில் அப்பாவும் நானும், பின்பலகையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவளும் போனோம். அவளை வண்டியில் ஏற்றுவதற்கு அம்மா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அரியாங்குப்பத்து ஆற்றுப் பாலத்தின்மேல் ஏறியதும் அவள் எனக்கு மட்டும் கேட்கும்படி பிரெஞ்சில், இந்தப் பாலத்தைச் செய்தது யார் என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அவளுக்கு அந்தச் சிரிப்பைக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை.

வாய்ப்பரீட்சை நடத்திய துரைக்குப் பூனைக்கண். உன் ஊர் எது என்றார். சொன்னேன். அங்கே என்ன விளையும் என்றார். நெல்லும் கரும்பும் என்றேன். யார் நாற்று நடுகிறார்கள் என்றார். யார் என்ற சொல் வந்ததும் என் நாக்கு பழைய பதிலுக்குத் தாவியது. பல்லைக் கடித்து நிறுத்தினேன். “பெண்கள், ஐயா. மழை வந்த பிறகு,” என்றேன். அவர் தலையை ஆட்டினார். வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்து அவளைக் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்தது. அவள் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இப்படிப் பேச எங்கே கற்றாய், பிரான்சிலிருந்து வந்த பெண் மாதிரி பேசுகிறாயே என்றார். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. புரியும்படி எனக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். புரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

இருவரும் தேறினோம். எங்கள் குடும்பத்தில் முதல் செர்த்திபிக்கா என்னுடையது. அப்பா அதைக் கண்ணாடி போட்டு நெற்குதிருக்கு மேலே மாட்டினார். ஊரில் யார் நெல் கேட்டு வந்தாலும் முதலில் அதைப் பார்க்க வேண்டும். அவளைக் கன்னியாஸ்திரீகள் புதுச்சேரிக்கு மேற்படிப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். தங்குமிடமும் சாப்பாடும் அவர்களுடையது. என்னை அப்பா ஊரைவிட்டு அனுப்பவில்லை. அவள் போன நாளன்று நான் குதிருக்கு மேலே மாட்டியதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்திலேயே எனக்கு உதவி வாத்தியாரம்மா வேலை கொடுத்தார்கள். இப்போது வெளியே வரும் பெண்கள் அதிகம். என்னைப் பார்த்துப் பல தகப்பன்மார் தைரியமாக மேரிக்குப் போகிறார்கள், ஒரு வார்த்தை சொல்கிறார்கள், பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் முதல் மணி அடித்ததும் அந்தப் பெண்கள் பூவரச மரத்தடிக்குப் போகிறார்கள். கூடை வருகிறது, நார் வருகிறது. அந்தப் பழைய வெள்ளைக்கார அம்மாதான் இன்னும் உள்ளே பேசுகிறார். ஜன்னல் கதவு இன்னும் சரியாக மூடுவதில்லை.

போன திருநாளுக்கு அவள் ஊருக்கு வந்தாள். காலில் செருப்பு, கையில் குடை. மரத்தடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இன்னாடி, இன்னும் உங்காளுங்க வெளியதான் உக்காந்துனு இருக்குதுங்களா? வாத்தியாரம்மா இருந்து இன்னா பிரயோஜனம்?”

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். இந்தத் தடவை அவள் அக்கம்பக்கம் பார்க்கவில்லை, ‘டி’யை விழுங்கவும் இல்லை. அதைக் கேட்டு எனக்குக் கோபம் உச்சி வரை ஏறியது. குடைமேலும் பொறாமை வந்தது. ராத்திரி முழுக்க அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்களைப் பிரெஞ்சில் யோசித்தேன். எல்லாம் பிழையில்லாமல் வந்தன.

மறுநாள் காலை தலைமை அம்மாவிடம் போனேன். முதல் மணியில் எனக்கு வகுப்பு இல்லை, வெளியே இருக்கும் பெண்களுக்கு நான் பிரெஞ்சு பேசச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன்.

“மாலை யார் கட்டறது?” என்றார்.

“உள்ள இருக்கறவங்க கட்டட்டும் அம்மா. மாதா அவங்களுக்கும்தான?”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். சண்டைக்கு வந்திருக்கிறேனா என்று பார்த்திருப்பார். பிறகு, “கிணத்தடிக்குக் கூட்டிட்டுப் போ. சத்தம் போடாத,” என்றார்.

கிணற்றடிக்கு நான் போகவில்லை. போன திங்கட்கிழமை பழைய பெஞ்சை நானே இழுத்துக்கொண்டு வந்து ஜன்னலுக்கு நேர் கீழே போட்டேன். பூக்கூடையை எடுத்து உள்ளே வாசற்படியில் வைத்தேன். வெளியே இருந்த பெண்களை வரிசையாக உட்கார வைத்து, முதல் கேள்வியைக் கேட்டேன். அவர்களில் ஒரு சின்னப் பெண்ணின் உதட்டை இரண்டு விரலால் பிடித்துக் குவித்துவிட்டேன். அவள் சரியாகச் சொன்னாள். எனக்கு அவள்மேலும் பொறாமைதான். அவளுக்கு இது முதல் நாளே கிடைத்துவிட்டது.

உள்ளே மாலை இப்போது தொளதொளவென்று கட்டப்படுகிறது. வெள்ளைக்கார அம்மா முகம் சுளிக்கிறாராம். நேற்று ஜன்னலின் மூடாத கதவுப் பக்கத்தில் ஒரு முகம் தெரிந்தது. எங்கள் கழனியில் இப்போது ஏர் ஓட்டுகிறவரின் கடைசிப் பெண். முழங்கால் போட்டபடியே தலையை மட்டும் எங்கள் பக்கம் திருப்பியிருந்தாள். கண்ணில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியும். அவளுடைய அப்பா மேரிக்குப் போகமாட்டார் என்பதும் தெரியும்.

நான் பெஞ்சை இன்னும் சற்று ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டுவிட்டு, அடுத்த கேள்வியை நன்றாகச் சத்தம் போட்டுக் கேட்டேன்.